சீபாப் மாஸ்க்கும் திறந்த வாயும்: எச்சில் வடிதலைச் சமாளிப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

உறக்கத்தில் மூச்சு அடைபடும் நோய்க்காகச் சீபாப் இயந்திரம், அதாவது மாஸ்க் வழியாக அழுத்தக் காற்றைச் செலுத்தி மூச்சுப்பாதையைத் திறந்து வைக்கும் கருவி, பாவிக்கத் தொடங்கியவர்கள் பலருக்கு முதல் வாரங்களிலேயே ஒரு முறைப்பாடு எழுகிறது. காலையில் தலையணை எச்சிலால் நனைந்திருக்கும். அல்லது நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும் அளவுக்கு வாய் காய்ந்திருக்கும். சிலருக்கு ஒரே இரவில் இரண்டும் நேரும். இவற்றை எதிரெதிரான இரண்டு குறைகளாக எண்ணிக் குழம்புவதிலிருந்தே ஏனைய தவறுகள் கிளைக்கின்றன. பெரும்பாலானோருக்கு இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான்: உறங்கும்போது வாய் திறந்துகொள்கிறது.

எச்சில் வடிவதைக் கண்டதும் உமிழ்நீர் கூடிவிட்டது என்று முடிவு கட்டுவது அடுத்த தவறு. ஒருவருக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ அரை லீற்றர் முதல் ஒன்றரை லீற்றர் வரை உமிழ்நீர் சுரக்கிறது. உறக்கத்தில் அந்தச் சுரப்பு வெகுவாகக் குறைந்துவிடும். கூடவே விழுங்குவதும் குறையும். ஆகவே விழுங்கப்படாத கொஞ்ச நீர் திறந்த வாயின் ஓரத்தால் வழிகிறதே தவிர, வாயில் புதிதாக ஊற்று எதுவும் பிறக்கவில்லை. இதை அறியாமல் மாலையோடு தண்ணீர் குடிப்பதை நிறுத்துகிறவர்களும், தடிமனுக்குக் கொடுத்த குளோபெனிரமின் குளிசையை வாய் காயட்டும் என்று இரவில் போடுகிறவர்களும் உண்டு. அந்தக் குளிசை மயக்கத்தைக் கூட்டும், வாயை மேலும் உலர்த்தும், திறந்த வாயை மூடாது. உலர்ந்த வாயில் பற்சூத்தை விரைவாகப் பரவும் என்பதையும் மறக்கக்கூடாது.

இனி, வாய் ஏன் திறக்கிறது என்ற கேள்வி. என் கணிப்பில் இந்த விடயத்தின் முக்காற்பங்கு மூக்கில்தான் இருக்கிறது. 1981 இல் அவுஸ்திரேலியாவில் கொலின் சலிவனும் அவருடைய குழுவினரும் இந்தச் சிகிச்சையை முதன்முதலில் வெளியிட்டபோது காற்று மூக்கின் வழியாகவே செலுத்தப்பட்டது. மூக்கு அடைத்திருந்தால் உடல் வாயைத் திறக்கும். வாய் திறந்ததும் மூக்கால் உள்ளே போன காற்று வாயால் வெளியே ஓடும். இப்படி ஒரே திசையில் இரவு முழுவதும் ஓடும் காற்று மூக்கின் உட்தோலை உலர்த்த, அது வீங்கி, அடைப்பு மேலும் கூடி, வாய் இன்னும் அகலமாகத் திறக்கும். இந்தச் சுழலை மூக்கிலிருந்து அவிழ்க்காமல் தாடையிலிருந்து அவிழ்க்க முயல்வது பலன் தராது.

அம்பாறை, மட்டக்களப்பு வயற்புறங்களில் இதற்குப் பருவமும் உண்டு. பெரும்போக அறுவடைக் காலத்தில் நெற்சுணையும் தூசியும், பின்னர் வைக்கோல் எரிக்கும் புகையும் சேர்ந்து, ஒவ்வாமை உள்ளவரின் மூக்கை வாரக்கணக்கில் அடைத்து வைக்கும். அப்போது பார்மசியில் வாங்கிய, ஒரு நிமிடத்தில் அடைப்பைத் திறக்கும் மூக்குச் சொட்டு மருந்தையே மாதக்கணக்கில் விட்டுக்கொண்டிருப்பது பெரிய பிழை. ஒக்ஸிமெற்றசொலின், சைலோமெற்றசொலின் வகைச் சொட்டுகளைச் சில நாட்களுக்கு மேல் தொடர்ந்தால், மருந்தின் வேகம் தணிந்ததும் மூக்கு முன்னிலும் இறுக்கமாக அடைக்கும். மாறாக, வைத்தியர் எழுதித் தரும் ஸ்டெரொயிட் மூக்கு ஸ்பிரே முழுப் பலன் காட்டச் சில நாட்கள், சிலவேளை இரண்டு வாரங்கள்கூட எடுக்கும். “இரண்டு நாள் அடித்தேன், ஒன்றும் இல்லை” என்று அதைக் கைவிடுவது மறுமுனைத் தவறு. உப்பு நீரால் மூக்கைக் கழுவுகிறவர்கள் கிணற்று நீரை அப்படியே எடுக்காமல், கொதிக்கவைத்து ஆறிய நீரையே எடுக்க வேண்டும். எலும்பு வளைவோ சதை வளர்ச்சியோ இருந்தால் காது, மூக்கு, தொண்டை நிபுணரிடம் காட்டாமல் இவை எதுவும் போதாது.

வாயில் பிளாஸ்டர் ஒட்டிக்கொண்டு உறங்கும் வழக்கம் காணொளிகளால் பரவியிருக்கிறது. மூக்கு முழுமையாகத் திறந்திராதவருக்கு இது ஆபத்தானது. அதிலும் எங்கள் பக்கத்தில் இன்னொரு அபாயம் உண்டு. மாரியில் காற்றும் மழையும் வந்தால் நள்ளிரவில் கரண்ட் போகும். இயந்திரம் நின்றதும் மூக்கு மாஸ்க்கினுள் புதிய காற்று வருவது மிகவும் குறைந்துவிடும். அந்த நேரத்தில் உறங்குபவரைக் காப்பது தானாகத் திறக்கும் வாய்தான். அதை ஒட்டி வைத்துவிட்டு உறங்குவது எவ்வளவு பாதுகாப்பற்றது என்று விளக்க வேண்டியதில்லை. நாடிப் பட்டி, அதாவது தாடையைத் தூக்கிப் பிடிக்கும் துணிப்பட்டி, மூக்கு சீராக உள்ள சிலருக்கு உதவும். ஆனால் அதை மட்டும் கட்டிக்கொண்டு சீபாப்பை விட்டுவிடலாம் என்று நினைக்கக்கூடாது. பட்டி நோயைக் குணமாக்காது.

மூக்கு, வாய் இரண்டையும் மூடும் பெரிய மாஸ்க்கில் கரண்ட் போனால் வெளிக்காற்றை விடும் வால்வு இருக்கும். மூக்கைச் சரிசெய்த பின்னும் வாய் திறக்கிறவருக்கு அது நல்ல தெரிவு. முதல் வாரத்திலேயே அதற்குப் பாய்வதில்தான் அவசரம் இருக்கிறது. அது பெரியது, கசியும் இடம் அதிகம், வழியும் எச்சில் அதன் அடிவிளிம்பில் தேங்கி நாடியைப் புண்ணாக்கும். வாந்தி வரும் நிலையில் உள்ளவரும், தன் கையால் மாஸ்க்கைக் கழற்ற முடியாதவரும் வைத்திய ஆலோசனையின்றி அதை அணியவே கூடாது.

காற்றுக் கசிந்தால் மாஸ்க்கின் பட்டியை இறுக்குவது எல்லோர் கையும் தானாகச் செய்யும் வேலை. கன்னத்தில் காலையில் சிவந்த தடம் விழும் அளவுக்கு இறுக்கினால் சிலிக்கன் விளிம்பு மடிந்து கசிவு கூடுமே தவிரக் குறையாது. படுத்த நிலையில், இயந்திரம் ஓடும்போது, மாஸ்க்கைச் சற்று முன்னே இழுத்துவிட்டு அது தானாக முகத்தில் அமர விட்டபின் பட்டியைச் சரிசெய்ய வேண்டும். இரவில் முகத்துக்குத் தேங்காய் எண்ணெயோ தைலமோ பூசினால் மாஸ்க் வழுக்கும், சிலிக்கனும் கெடும்.

நனைந்திருப்பது எல்லாமே எச்சிலல்ல என்பதும் கவனிக்கத்தக்கது. ஏசி அறையிலோ மார்கழிக் குளிரிலோ, செலுத்தும் காற்றை ஈரமாக்கும் ஈரப்பதமூட்டியை உச்சத்தில் வைத்தால் குழாய்க்குள் நீராவி குளிர்ந்து, துளிகள் மாஸ்க்குக்குள் வழிந்து கன்னத்தை நனைக்கும். காலையில் குழாயைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தால் உட்சுவரில் துளிகள் தெரியும். எச்சிலின் பிசுபிசுப்பும் அதில் இராது. இயந்திரத்தைத் தலைமட்டத்துக்குக் கீழே வைத்து, குழாயைப் போர்வைக்குள் விட்டு, ஈரப்பதத்தை ஒரு படி குறைத்தால் போதும். கச்சான் காற்று வீசும் வறண்ட மாதங்களில் அதே அளவு போதாமல் போகும், அப்போது கூட்ட வேண்டும். ஆண்டு முழுவதும் ஒரே அளவில் விட்டுவைக்கும் ஈரப்பதமூட்டி பாதி நாள் தொல்லைதான் தரும். அதன் தொட்டிக்குக் காய்ச்சி வடித்த நீரே உரியது. கரையோரக் கிணறுகளின் உவர்நீர் உப்புப் படிய வைக்கும், கராஜில் பற்றரிக்கு விற்கும் நீரின் தூய்மைக்கோ உத்தரவாதமில்லை.

பக்கவாட்டில் படுத்தால் எச்சில் வழிகிறது என்று மல்லாந்து படுக்கத் தொடங்குவது, சிறு தொல்லைக்காக நோயையே வளர்ப்பதாகும். மல்லாந்தால் நாக்கு பின்சரிந்து மூச்சடைப்புக் கூடும். வெற்றிலை போட்ட வாயோடு கண்ணயர்வதும் எச்சிலைக் கூட்டும். பல் செட் கட்டியவர்கள் அதைக் கழற்றினால் முகத்தின் வடிவம் மாறி மாஸ்க் பொருந்தாமல் போகலாம். மாஸ்க்கைத் தெரிவு செய்யும்போதே இதைச் சொல்லிவிட வேண்டும். தாடையை முன்னிறுத்தும் வாய்க்கருவி பாவிப்பவர்களுக்கு முதல் வாரங்களில் எச்சில் கூடுவது வழமை.

எல்லாவற்றிலும் பாரதூரமானது, வெட்கத்தாலோ சலிப்பாலோ சிகிச்சையை நிறுத்துவதும், இயந்திரத்தின் அழுத்தத்தைத் தாமே குறைப்பதும். நிறுத்திய சில இரவுகளிலேயே மூச்சடைப்புத் திரும்பிவிடும். அழுத்தம் கூடியிருப்பதாலும் வாய் திறக்கலாம் என்பது உண்மை. ஆனால் அதைத் தீர்மானிக்க இயந்திரம் சேமிக்கும் இரவுப் பதிவுகள் வேண்டும்.

ஒருபக்கமாகத் திடீரென எச்சில் வடிந்து, முகம் கோணி, பேச்சுக் குழறினால் அது மாஸ்க்கின் கோளாறல்ல, பக்கவாதமாக இருக்கலாம். உடனே 1990 சுவசெரிய அம்புலன்ஸை அழைக்க வேண்டும். விழிப்பிலும் எச்சில் வடிவதும், விழுங்கச் சிரமப்படுவதும் தனியே பரிசோதிக்கப்பட வேண்டியவை; சில மனநோய் மருந்துகளும் இதைச் செய்யும்.

கிளினிக்குக்குப் போகும்போது “மெஷின் சரிவரவில்லை” என்று மட்டும் சொல்லிவிட்டு வருவதால் எவருக்கும் பயனில்லை. இயந்திரத்தின் நினைவட்டையையும், பாவிக்கும் மாஸ்க்கையும், குடிக்கும் மருந்துகளின் பட்டியலையும் கையோடு கொண்டுபோக வேண்டும். கசிவு எந்த நேரத்தில் தொடங்குகிறது என்பதை அந்த அட்டை சொல்லும். வாய் எப்போது திறக்கிறது என்பதை, பக்கத்தில் படுப்பவரைக் கேட்டால் அவர் சொல்வார்.