பழைய மரவேலைக் கருவி வாங்குமுன் தீப்பொறியைப் பாருங்கள்

பயன்படுத்திய வட்ட ரம்பம், ரூட்டர் (மரத்தில் பள்ளம் செதுக்கும் கருவி) போன்றவற்றை வாங்குமுன், சுமையில்லாமல் ஓடவிட்டு, மங்கலான வெளிச்சத்தில் சற்றுத் தள்ளி நின்று, காற்றுத் துளைகளின் வழியே மோட்டாருக்குள் எழும் பொறியைக் கவனியுங்கள். கார்பன் பிரஷ் (மோட்டாரின் சுழலும் பகுதிக்கு மின்சாரம் கடத்தும் கரித்துண்டு) தொடும் இடத்தில் மட்டும் சிறு நீலப் பொறிகள் தெரிவது இயல்பே. ஆனால் பிரஷ் உரசும் செம்பு உருளையான கம்யூட்டேட்டரைச் சுற்றி நெருப்பு வளையம்போல் ஓடினால், பிரஷ் தேய்ந்திருக்கலாம், அல்லது சுழலும் பகுதியான ஆர்மேச்சரின் சுருளே பழுதாகியிருக்கலாம். பிரஷ் மலிவு, மாற்றுவதும் எளிது. ஆர்மேச்சர் செலவோ பல நேரங்களில் பழைய கருவியின் விலையையே நெருங்கிவிடும் என்பதால், விற்பவர் பிரஷை மாற்றி ஓட்டிக் காட்டாதவரை விலகிக்கொள்வதே நல்லது. (புதிய பிரஷ் படியும்வரை பொறி சற்றுக் கூடுதலாகவே இருக்கும்.) பிறகு பிளக்கைக் கழற்றி, தண்டைக் கையால் சுழற்றிப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள், கரகரப்போ ஆட்டமோ இருந்தால் பேரிங் தேய்ந்திருக்கக்கூடும், எண்ணெய் விட்டால் சரியாகிவிடும் என்ற பேச்சை நம்ப வேண்டாம்.

பிரஷ் இல்லாத மோட்டார்களுக்கும், பெரிய மேசை ரம்பங்களில் உள்ள இண்டக்‌ஷன் மோட்டார்களுக்கும் (இவற்றிலும் பிரஷ் கிடையாது) பொறிச் சோதனை பொருந்தாது. பேட்டரிக் கருவியானால், அதற்குரிய பேட்டரி இன்னும் விற்பனையில் உள்ளதா என்பதை முதலில் விசாரியுங்கள்.