டர்பன் வீட்டில் மரத்தரை: அடிப்பதற்கு முன் பலகையைப் பழகவிடுங்கள்

தீபாவளிக்குள் புதுத் தரை வேண்டும் என்ற அவசரத்தில், பலகை வந்திறங்கிய அன்றே அடிக்கச் சொல்பவர்கள் இங்கே நிறையப் பேர். தயவுசெய்து வேண்டாம்.

மரம் காற்றின் ஈரத்தை இழுக்கும், விடும். ஜோகன்னஸ்பர்க்கின் வறண்ட காற்றில் 8 சதவீத ஈரத்தோடு கிடந்த சாலிக்னா (ஒரு வகை யூகலிப்டஸ் மரம்) பலகை, நம் கடற்கரைப் பக்கம் வந்தால் 12-ஐ எட்டிவிடும். நீளம் அநேகமாக மாறாது, அகலம்தான் விரியும். 100 மில்லிமீட்டர் பலகைக்கு ஏறத்தாழ 1 மில்லிமீட்டர். 4 மீட்டர் அறையில் 40 பலகை என்றால் கணக்குப்படி 4 சென்டிமீட்டர்! அதற்கு இடமில்லாவிட்டால் தரை மேலெழும்பும். டர்பனில் கிடந்த பலகையை ஜோகன்னஸ்பர்க் பக்கத்து லெனேசியாவுக்குக் கொண்டுபோனால் நேர்மாறாகச் சுருங்கி இடுக்கு விழும்.

முதலில் வீடு தயாராகட்டும். கதவு, ஜன்னல் பொருத்தி, பூச்சும் பெயின்ட்டும் காய்ந்திருக்க வேண்டும். புதுக் கான்கிரீட்டுக்கு 25 மில்லிமீட்டர் கனத்துக்கு ஒரு மாதம் என்பது பொதுவான கணக்கு.

அடுத்து, தரை போடப்போகும் அதே அறையில் பலகைகளை அடுக்குங்கள். கராஜில் அடுக்குவது வீண், அங்குள்ள காற்று வேறு. ஒவ்வொரு வரிசைக்கும் நடுவே ஒரே கனமுள்ள ரீப்பர் (மெல்லிய மரச்சட்டம்) துண்டுகளை அரை மீட்டருக்கு ஒன்றாக, மேலும் கீழும் நேர்க்கோட்டில் வையுங்கள். கோணினால் பலகை வளையும். சுவரும் வெயிலும் படக்கூடாது. பெட்டியில் வரும் லேமினேட் வகைக்கு மட்டும் பெட்டிமேல் எழுதியிருப்பதைப் பின்பற்றுங்கள்.

எத்தனை நாள்? எல்லோரும் இதைத்தான் கேட்கிறார்கள். நாளை எண்ணாதீர்கள், ஈரத்தைப் பாருங்கள். ஈரமானி இருந்தால் அடுக்கின் மேல், நடு, அடி மூன்றிலும் குத்திக் குறித்து வையுங்கள். இல்லையென்றால் சமையலறைத் தராசு போதும்: நடுவிலிருந்து ஒரு சின்னப் பலகையை எடுத்து, இரண்டு நாளுக்கொரு முறை நிறுத்து எழுதுங்கள். எடை கூடிக்கொண்டோ குறைந்துகொண்டோ இருக்கும்வரை பொறுங்கள். தொடர்ந்து மூன்று முறை ஒரே எடை காட்டினால் அடிக்கலாம். ஏசியை எப்போதும் ஓடவிடும் வீடானால், அடுக்கியிருக்கும் நாட்களிலும் அப்படியே ஓடட்டும்.

பழகிய மரமும் தைப்பூச மாதத்துப் புழுக்கத்தில் கொஞ்சம் விரியும், ஜூலையில் சுருங்கும். அதனால் நான்கு சுவரோரமும் 10 முதல் 12 மில்லிமீட்டர் இடம் விட்டு அடியுங்கள். சுவரடியில் ஓடும் ஸ்கர்ட்டிங் பலகை அதை மறைத்துவிடும். ஸ்கர்ட்டிங்கின் ஆணி சுவரில் இறங்கட்டும், தரையில் அல்ல.