‘லாஸ்ட் கிறிஸ்துமஸ்’ ஊரில் 3 நாள்: முதல்முறை ஸ்கீ பழகுவோருக்கான செய்முறை

‘வாம்’ இசைக்குழு 1984-இல் ‘லாஸ்ட் கிறிஸ்துமஸ்’ பாட்டுக்கு வீடியோ எடுத்த ஊர், சுவிட்சர்லாந்தின் வாலே மாநிலத்தில் இருக்கும் சாஸ்-ஃபே. ஜார்ஜ் மைக்கேலும் ஆண்ட்ரூ ரிட்ஜ்லியும் நண்பர்களோடு வந்து இறங்குகிறார்கள், கேபிள் காரில் ஏறுகிறார்கள், பனிப்பந்து எறிகிறார்கள், மரம் அலங்கரிக்கிறார்கள், ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். வீடியோவை மீண்டும் ஒருமுறை பாருங்கள், பெரும்பகுதி இதுதான். உங்கள் பயணத்தையும் இப்படியே அமைத்துக்கொள்ளுங்கள்: காலையில் ஸ்கீ (பனிச்சறுக்கு), மதியத்துக்குமேல் ஊர். புதிதாகப் பழகுபவரின் தொடை ஒரு நாளைக்கு 3 மணி நேரத்துக்குமேல் தாங்காது. அதற்குப் பிறகு “இன்னும் ஒரே ஒரு தடவை” என்று போகும்போதுதான் முழங்கால் திருகிக்கொள்கிறது.

படி 1: எப்போது, எப்படிப் போவது

பாட்டின் நினைவுக்காக டிசம்பர்தான் வேண்டும் என்றால் போகலாம். ஆனால் ஊரைச் சுற்றி 4,000 மீட்டருக்குமேல் உயர்ந்த சிகரங்கள் நிற்பதால், டிசம்பரில் வெயில் சீக்கிரமே மலைக்குப் பின்னால் போய்விடும். பழகுவதற்கு பிப்ரவரியும் மார்ச்சும் நல்லவை. பகல் நீளம், குளிரும் கொஞ்சம் தணிந்திருக்கும்.

ஜூரிச்சிலிருந்தோ ஜெனீவாவிலிருந்தோ ரயிலில் விஸ்ப் நிலையம் வரை வாருங்கள். அங்கிருந்து மஞ்சள் நிற போஸ்ட் பஸ்ஸில் ஏறினால் சுமார் 50 நிமிடத்தில் சாஸ்-ஃபே. வீடியோவில் வருவதுபோல காரில் வந்து இறங்க ஆசைப்பட்டால், ஊரின் நுழைவாயில் வரைதான் முடியும். உள்ளே கார்களுக்கு அனுமதி இல்லை; காரை வாகன நிறுத்தத்தில் விட்டுவிட்டு நடந்தோ சின்ன மின்சார வண்டியிலோ போக வேண்டும். பெட்டியைப் பனியில் இழுக்க வேண்டியிருக்கும் என்பதால் சின்னச் சக்கரம் வைத்த பெட்டி சிக்கிக்கொள்ளும். முதுகுப் பை மேல்.

பயணக் காப்பீடு எடுக்கும்போது, பனிச்சறுக்கு விபத்தும் மலையிலிருந்து மீட்கும் செலவும் அதில் அடங்குமா என்று படித்துப் பாருங்கள். சாதாரணக் காப்பீடுகளில் பல இவற்றை விலக்கிவிடும்.

படி 2: உடுப்பு

அந்த வீடியோவின் கம்பளி ஸ்வெட்டர் நடு அடுக்குக்கு அருமையாகப் பொருந்தும். உடம்பை ஒட்டி மெல்லிய கம்பளி அல்லது செயற்கை இழை உள்ளாடை, அதன்மேல் ஸ்வெட்டர், வெளியே நீர் புகாத ஜாக்கெட்டும் பேண்ட்டும். பருத்தி மட்டும் வேண்டாம். வியர்வையைக் குடித்து வைத்துக்கொண்டு, சரிவின் மேலே ஏற்றிச்செல்லும் லிஃப்டில் உட்கார்ந்த 5 நிமிடத்தில் முதுகைச் சில்லிட வைத்துவிடும். உயரத்தில் வெயில் கடுமை, பனியும் அதைத் திருப்பி அடிக்கும். மூக்கின் அடிப்பகுதிக்கும் தாடைக்குக் கீழேயும் சன்ஸ்கிரீன் தடவுங்கள்.

படி 3: வாடகைக் கடையில் அரை மணி நேரம்

ஸ்கீ, பூட், கழி, ஹெல்மெட் எல்லாமே வாடகைக்குக் கிடைக்கும். இங்கே அவசரப்படுபவர்கள் மூன்று நாளும் கால்வலியோடு திரும்புகிறார்கள்.

பூட்டுக்குள் ஒரே ஒரு மெல்லிய, முழங்கால் வரை நீண்ட சாக்ஸ். இரண்டு போட்டால் சூடு அதிகமாகாது. இரத்த ஓட்டம் நெருக்கப்பட்டு விரல் இன்னும் குளிரும். உள்ளாடையின் கீழ்ப்பகுதியையும் பூட்டுக்குள் திணிக்காதீர்கள். அந்த மடிப்பு ஒரு மணி நேரத்தில் கணுக்காலைத் தேய்த்துப் புண்ணாக்கும். பூட்டில் காலை விட்டதும் குதிகாலைத் தரையில் இரண்டு தட்டு தட்டி, பின்னால் நன்றாக உட்கார வையுங்கள். முதலில் கணுக்கால் பக்கிளை (கொக்கி) மாட்டுங்கள், பிறகு மற்றவை. நேராக நின்றால் விரல் நுனி முன்பக்கம் லேசாகத் தொட வேண்டும். முழங்காலை மடக்கி முன்னே சாய்ந்தால் விலக வேண்டும். அப்போது குதிகால் பூட்டுக்குள் மேலெழும்பினால் ஒரு அளவு சின்னது கேளுங்கள். எல்லோரும் பெரியதைத்தான் கேட்பார்கள். பெரிய பூட்டில் கால் திரும்பும், ஸ்கீ திரும்பாது.

ஸ்கீ உங்கள் தாடை உயரம் இருந்தால் போதும். பூட்டை ஸ்கீயோடு பிணைக்கும் பைண்டிங் எவ்வளவு விசையில் கழல வேண்டும் என்பதை எடை, உயரம், வயது, அனுபவம், பூட்டின் அடி நீளம் ஆகியவற்றை வைத்துக் கணக்கிடுவார்கள். எடையைக் கூச்சப்படாமல் சொல்லுங்கள். குறைத்துச் சொன்னால் ஸ்கீ தேவையில்லாமல் கழலும். கூட்டிச் சொன்னால் விழும்போது கழலாமல் காலை முறுக்கும்.

படி 4: முதல் காலை

பனிச்சறுக்குப் பள்ளியில் 2 மணி நேர வகுப்புக்கு முன்கூட்டியே பதிந்துகொள்ளுங்கள். குழு வகுப்புகள் பல நாள் தொடராக நடப்பது வழக்கம் என்பதால், 3 நாள் பயணத்தோடு பொருந்துகிறதா என்று கேட்டு உறுதிசெய்யுங்கள். முதல் நாளே முழு மலைக்கும் டிக்கெட் வாங்குவது வீண். பழகுநர் பகுதிக்கான டிக்கெட் போதும்.

சமதளத்தில் முதலில் ஒரு காலில் மட்டும் ஸ்கீ மாட்டி நடந்து பாருங்கள். பிறகு இரண்டும். அடுத்து பிரேக்: முன்முனைகளை நெருக்கி, பின்முனைகளை அகட்டி, வெட்டிய பீட்சாத் துண்டுபோல ஒரு வடிவம். அகலம் கூடக் கூட வேகம் குறையும். திரும்ப வேண்டுமா? இடக்காலை அழுத்தினால் வலப்பக்கம் திரும்புவீர்கள், வலக்காலை அழுத்தினால் இடப்பக்கம்.

எல்லாரும் செய்யும் தவறு ஒன்றே: பயத்தில் பின்னால் சாய்வது. சாய்ந்ததும் ஸ்கீயின் முன்பாதியில் எடை இல்லாமல் போகும். அது பனியைப் பிடிக்காது, திரும்பாது, வேகம் மட்டும் ஏறும். கணுக்காலுக்கு மேலே முன்னெலும்பு பூட்டின் நாக்கில் (முன்பக்கப் பட்டையில்) அழுந்திக்கொண்டே இருக்கிறதா என்று பாருங்கள். அந்த அழுத்தம் தெரிகிற வரை நீங்கள் சரியாக நிற்கிறீர்கள்.

விழுந்தால், இரண்டு ஸ்கீயையும் சரிவுக்குக் குறுக்காக, உங்களுக்குக் கீழ்ப்பக்கமாகக் கொண்டுவந்த பிறகு எழுந்திருங்கள். கீழ்நோக்கி வைத்துக்கொண்டு எழ முயன்றால் எழுவதற்குள் நழுவிவிடும்.

காதில் இயர்போன் வேண்டாம். பின்னால் வருபவர்களின் சத்தம் கேட்டாக வேண்டும். பாட்டு மாலைக்கு.

படி 5: இரண்டாம் நாள், மேலே

காலையில் நீல நிறப் பாதை. சுவிட்சர்லாந்தில் நீலம் எளிது, சிவப்பு நடுத்தரம், கறுப்பு கடினம். பிறகு ஸ்கீயைக் கீழே வைத்துவிட்டு, நிலத்தடியில் ஓடும் ‘மெட்ரோ ஆல்பின்’ ரயிலில் சுமார் 3,500 மீட்டர் உயரத்துக்குப் போய் வாருங்கள். அந்த ரயிலும் 1984-இல் தொடங்கியதுதான். அந்த உயரத்தில் ஒரு மூச்சுக்குக் கிடைக்கும் ஆக்சிஜன் கடல்மட்டத்தில் கிடைப்பதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு. மெதுவாக நடந்து, தண்ணீர் குடித்துக்கொண்டே இருங்கள்; தலைவலியோ குமட்டலோ வந்தால் அடுத்த வண்டியிலேயே இறங்குங்கள். அடிபட்டால் கூப்பிட வேண்டிய எண் 144.

படி 6: பனிப்பந்தும் படமும்

கடுங்குளிர்க் காலையில் விழுந்த பனி மாவுபோல உலர்ந்திருக்கும். கையில் அள்ளினால் விரலிடுக்கில் சிந்திவிடும், உருண்டையாகாது. வெப்பநிலை 0 டிகிரியை நெருங்கும்போதுதான் துகள்களின் மேல் மெல்லிய ஈரம் வந்து ஒட்டும். ஆகவே மதியம், வெயில் பட்ட இடத்துப் பனியை எடுங்கள். ஏற்கெனவே கட்டிதட்டிய பனிக்கட்டியை எறியாதீர்கள், முகம் கிழியும்.

குளிரில் செல்போன் பேட்டரி சட்டென்று இறங்கும். ஸ்வெட்டருக்கு உள்பக்கம், உடம்புச் சூட்டில் வைத்திருங்கள். கேபிள் கார் நிலையத்தின் முன்னால் எல்லோரும் நின்று படம் எடுக்கும்போது, ஒருவர் சட்டையில் ஒரு ப்ரூச் (அலங்கார ஊசி) குத்தியிருக்கட்டும். வீடியோவின் கதையே அந்தச் சின்ன ப்ரூச்சில்தான் இருக்கிறது: போன ஆண்டு ஜார்ஜ் மைக்கேல் தன் காதலிக்குக் கொடுத்தது, இந்த ஆண்டு இன்னொருவன் உடுப்பில்.