கல்யாண போட்டோகிராபருடன் தகராறா? படத்தையும் பணத்தையும் சேர்த்து இழக்க வைக்கும் தவறுகள்

கல்யாணம் முடிந்து எட்டு மாதமாகியும் ஆல்பம் கைக்கு வராது. போன் செய்தால் "எடிட்டிங் போய்க்கிட்டு இருக்கு சார்" என்பார்கள். ஒரு வழியாக வந்த ஆல்பத்தில் பெண்வீட்டுப் பெரியவர்கள் பாதிப் பேரைக் காணோம், தாலி கட்டும் படமே மங்கல். காசு வாங்கிக்கொண்டு செய்யும் போட்டோ, வீடியோ வேலை 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி ஒரு சேவை. ஒப்புக்கொண்டபடி செய்யாவிட்டால் அது சேவைக் குறைபாடு. இதில் குழப்பமே இல்லை. ஆனாலும் நியாயம் உள்ள குடும்பங்கள் நுகர்வோர் ஆணையத்தில் தடுமாறுகின்றன. காரணம், பேச்சை எழுத்தாக்காமல் விட்டதும், படங்களைக் கைப்பற்றும் முன்பே சண்டையைத் தொடங்கியதும்தான்.

பேசியதை எழுதாமல் விடுவது

பல வீடுகளில் ஒப்பந்தம் என்று இருப்பது வாட்ஸ்அப்பில் வந்த ஒரே வரி: "கேண்டிட், டிரெடிஷனல், 2 ஆல்பம், மொத்தம் 1,20,000." (கேண்டிட் என்றால் போஸ் கொடுக்காமல் இயல்பாக எடுப்பது; டிரெடிஷனல் என்றால் நிற்க வைத்து எடுப்பது.) எத்தனை போட்டோகிராபர் வருவார்கள், எத்தனை மணிக்கு வருவார்கள், ஆல்பம் என்ன அளவு, எப்போது தருவார்கள் எதுவும் இல்லை. குறைபாடு என்று சொல்ல வேண்டுமானால் எதிலிருந்து குறைந்தது என்று காட்ட வேண்டும். எழுத்தில் இல்லாததை எப்படிக் காட்டுவது?

முத்திரைத்தாள், வக்கீல் எதுவும் தேவையில்லை. இப்படி ஒரு பத்தி போதும்: "வரவேற்பு மாலை 6 முதல் இரவு 10 வரை. முகூர்த்தம் காலை 4.30 முதல் 11 வரை. கேண்டிட் ஒருவர், டிரெடிஷனல் போட்டோ ஒருவர், வீடியோ ஒருவர். ட்ரோன் வரவேற்புக்கு மட்டும். எடிட் செய்த படங்கள் 45 நாளில். செலக்‌ஷன் கொடுத்த 60 நாளில் 2 ஆல்பம், 12-க்கு 36 அங்குலம், ஒவ்வொன்றும் 40 ஷீட். எடுத்த எல்லாப் படங்களும் ஹார்ட் டிஸ்கில். ஆல்பம் கொடுத்து 6 மாதம் வரை ஸ்டுடியோவிடம் நகல் இருக்கும்." இதை வாட்ஸ்அப்பிலோ மின்னஞ்சலிலோ அனுப்பி, "ஓகே" என்று பதில் வாங்கிவிடுங்கள். அந்த ஒரு "ஓகே" பின்னால் பெரிய சாட்சி.

ஷீட் வேறு, பக்கம் வேறு. ஒரு ஷீட்டை விரித்தால் இரண்டு பக்கம். 40 ஷீட் என்று நினைத்து 40 பக்கம் என்று எழுதினால் பாதி ஆல்பம்தான் வரும். 12-க்கு 36 என்பதும் விரித்த அளவு. மூடினால் 12-க்கு 18.

ஆள் மாறாட்டமும் அடிக்கடி நடக்கும். சாம்பிள் காட்டியவர் ஒருவர், மண்டபத்துக்கு வந்து நிற்பவர் வேறொருவர். முகூர்த்த நாட்களில் ஒரே ஸ்டுடியோ இரண்டு மூன்று மண்டபங்களுக்கு ஆள் அனுப்புவதால் வரும் கோளாறு இது. முதன்மை போட்டோகிராபரின் பெயரைக் குறிப்பிட்டு, "இவர் வர முடியாவிட்டால் 7 நாள் முன்பு தெரிவித்து எங்கள் சம்மதம் பெற வேண்டும்" என்று ஒரு வரி சேருங்கள்.

பில் இல்லாமல் பணம் கொடுப்பது

"ஜிஎஸ்டி வேணாம்னா 18 சதவீதம் மிச்சம்" என்ற பேச்சில் மயங்கி ரொக்கமாகக் கொடுத்துவிட்டு, பிறகு கொடுத்ததையே நிரூபிக்க முடியாமல் தவிப்பார்கள். சேவைத் தொழிலில் ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டாத சிறிய ஸ்டுடியோவுக்கு ஜிஎஸ்டி பதிவு கட்டாயமில்லாமல் இருக்கலாம். அதற்காக ரசீதே தர மாட்டேன் என்று சொல்ல முடியாது. பில் தர மறுப்பதை நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நேர்மையற்ற வணிக நடைமுறை என்றே வகைப்படுத்துகிறது.

யுபிஐயில் அனுப்பும்போது குறிப்பில் "கல்யாண போட்டோ முன்பணம்" என்று எழுதுங்கள். பணம் போகும் பெயரைக் கவனியுங்கள்; போர்டில் ஒரு பெயரும் கணக்கில் வேறு பெயரும் இருந்தால் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். பின்னால் யார் மீது புகார் போடுவது என்ற கேள்விக்கு அதுவே விடை. முன்பணம் 30, முகூர்த்த நாளில் 50, ஆல்பத்தைப் பார்த்து வாங்கும்போது 20 சதவீதம் என்று பிரித்தால் உங்கள் பிடி கடைசிவரை நழுவாது.

படங்களைக் காப்பாற்றும் முன் சண்டை போடுவது

எல்லாவற்றிலும் பெரிய தவறு இது. ஆல்பம் தாமதமானால் மறுபடி அச்சடிக்கலாம். மூலப் படங்கள் அழிந்தால் ஆணையம் பணம்தான் தர உத்தரவிட முடியும், முகூர்த்தத்தைத் திருப்பித் தர முடியாது. ஆகவே ஸ்டுடியோ இழுத்தடிக்கிறது என்று தெரிந்த உடனே, குரலை உயர்த்தும் முன்பே, ஒரு புதிய ஹார்ட் டிஸ்கைக் கொண்டுபோய் "செலக்‌ஷன் பண்ணணும், எல்லாப் படமும் போட்டுக் கொடுங்க" என்று கேட்டு நகல் எடுத்துவிடுங்கள். இரண்டு கேமரா, நான்கு மெமரி கார்டு என்றால் நான்கின் ஃபோல்டர்களும் வந்திருக்கிறதா என்று அங்கேயே திறந்து பாருங்கள்.

"கார்டு கரப்ட் ஆயிடுச்சு" என்று சொன்னால் அங்கேயே மனம் உடைந்துவிடாதீர்கள். கார்டில் படம் அழிந்தாலும், அதன் மேல் புதிதாக எதுவும் பதியாதவரை டேட்டா ரெக்கவரி செய்பவர்களால் பெரும்பாலும் ஓரளவாவது மீட்க முடியும். அடுத்த கல்யாணத்துக்கு அதே கார்டைப் போட்டுப் படம் எடுத்துவிட்டால் அந்த வாய்ப்பும் போயிற்று. "அந்தக் கார்டைப் பயன்படுத்தாமல், ஃபார்மேட் செய்யாமல் எடுத்து வையுங்கள், ரெக்கவரிக்குக் கொடுக்க நாங்கள் தயார்" என்று அன்றைக்கே செய்தி அனுப்புங்கள். அதன் பிறகும் அழித்தால் பொறுப்பு அவர்களுடையது என்பதற்கு அந்தச் செய்தி சாட்சி.

கொடுத்த படங்களில் ஓட்டை இருக்கிறதா என்று கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. கேமரா படங்களுக்கு வரிசையாக எண் போடும். எடுத்த நேரமும் ஃபைலுக்குள் பதிந்திருக்கும். படங்களை நேர வரிசையில் அடுக்குங்கள். 2310-க்கு அடுத்து 2388 என்று எண் தாவி, நேரமும் 6.42-லிருந்து 6.58-க்குத் தாவினால், தாலி கட்டிய அந்தப் பதினாறு நிமிடம் காணோம் என்று அர்த்தம். மங்கலான படங்களை ஸ்டுடியோ நீக்கியும் இருக்கலாம் என்பதால் இதை மட்டும் வைத்துக் குற்றம் சாட்ட வேண்டாம். ஆனால் "2311 முதல் 2387 வரை எங்கே?" என்று எழுத்தில் கேட்டால் மழுப்ப முடியாது.

"ரா ஃபைல் எங்க சொத்து, தர மாட்டோம்" என்று சொல்லும் ஸ்டுடியோக்கள் உண்டு. ரா ஃபைல் என்பது கேமராவில் பதிந்த, எடிட் செய்யாத மூலப் படம். காப்புரிமை (காப்பிரைட்) சட்டம் 1957-இன் 17-ஆம் பிரிவு என்ன சொல்கிறது தெரியுமா? ஒருவர் கேட்டுக்கொண்டு, பணம் கொடுத்து எடுக்கப்பட்ட புகைப்படத்துக்கு, மாறான ஒப்பந்தம் இல்லாதவரை, பணம் கொடுத்தவரே முதல் உரிமையாளர். "மாறான ஒப்பந்தம் இல்லாதவரை" என்ற சொல்லில்தான் சூட்சுமம். ஸ்டுடியோவின் படிவத்தில் "எல்லா உரிமையும் எங்களுக்கே" என்ற வரியைப் படிக்காமல் கையெழுத்துப் போட்டால் அந்த உரிமை போய்விடும். காப்புரிமை உங்களுடையது என்பதாலேயே ரா ஃபைலைக் கொடுத்தாக வேண்டும் என்று ஆகிவிடாது. அதனால்தான் ஹார்ட் டிஸ்கில் என்னென்ன வேண்டும் என்பதை முதலிலேயே எழுதச் சொல்கிறோம்.

செலக்‌ஷனை இழுத்தடிப்பது

தாமதம் எப்போதும் ஸ்டுடியோ பக்கம் இருப்பதில்லை. மூவாயிரம் படங்களைக் கொடுத்து, நூற்றைம்பது தேர்ந்தெடுங்கள் என்பார்கள். மறுவீடு, ஆடி, தலை தீபாவளி என்று ஐந்து மாதம் ஓடிவிடும். பிறகு புகார் போனால் முதல் பதிலே "கஸ்டமர் செலக்‌ஷன் தரவில்லை" என்பதுதான். தேர்ந்தெடுத்த எண்களை ஒரே பட்டியலாக எழுதி, தேதியோடு செய்தியாக அனுப்புங்கள். அன்றிலிருந்து 60 நாள் கணக்கு.

ஆல்பத்தை வாங்கும்போது "திருப்தியுடன் பெற்றுக்கொண்டேன்" என்ற வரியில் கண்ணை மூடிக் கையெழுத்துப் போடாதீர்கள். ஷீட்டை எண்ணி, ஒட்டு, நிறம், பெயர் எழுத்துப்பிழை பார்த்துவிட்டு, குறை இருந்தால் அதே தாளில் எழுதிக் கையெழுத்திடுங்கள்.

கோபத்தில் செய்பவை

காரணம் சொல்லாமல் மீதிப் பணத்தை நிறுத்தினால் ஒப்பந்தத்தை மீறியவர் நீங்கள் ஆகிவிடுவீர்கள். "இன்னின்ன குறைகளைச் சரிசெய்து கொடுத்த அன்றே 24,000 ரூபாய் தருகிறோம்" என்று எழுதிவிட்டு நிறுத்துங்கள். கூகுள் ரிவ்யூவில் "திருடன், ஃபிராடு" என்று எழுதினால் அவதூறு வழக்குக்கு வழி திறக்கும். "மார்ச்சில் தருவதாகச் சொன்னார்கள், செப்டம்பர் வரை வரவில்லை" என்று நடந்ததை மட்டும் எழுதுங்கள். தாமதம், தரக்குறைவு போன்றவற்றுக்குக் காவல் நிலையம் போனால் "சிவில் விவகாரம்" என்று திருப்பி அனுப்புவார்கள். அங்கே அலையும் நாட்கள் வீண்.

புகாரைத் தப்பாகப் போடுவது

முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதியலாம். ஸ்டுடியோவுடன் பேசித் தீர்க்க முயல்வார்கள்; உத்தரவு போடும் அதிகாரம் அவர்களுக்கு இல்லை. அடுத்து ஸ்பீட் போஸ்டில் நோட்டீஸ். சட்டம் இதைக் கட்டாயமாக்கவில்லை என்றாலும் அனுப்புங்கள்: நடந்தது என்ன, வேண்டியது என்ன, 15 நாள் கெடு. டெலிவரி ஆன விவரத்தை அச்செடுத்து வையுங்கள். வாங்க மறுத்துத் திரும்பி வந்த கவரைப் பிரிக்காமல் அப்படியே வைத்திருங்கள்.

காலக்கெடு இரண்டு ஆண்டு. புகாருக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து அது ஓடத் தொடங்கும். "அடுத்த மாசம் கண்டிப்பா" என்று ஸ்டுடியோ சொல்லிக்கொண்டே இருப்பதால் கெடு நின்றுவிடும் என்று நம்பி இருக்காதீர்கள். தாமதத்துக்குத் தக்க காரணம் காட்டினால் ஆணையம் மன்னிக்கலாம். அதை நம்பி உட்காரக் கூடாது.

மதுரையில் கல்யாணம், ஸ்டுடியோ கோவையில், நீங்கள் வேலை பார்ப்பது சென்னையில் என்றால் கோவைக்கு அலைய வேண்டியதில்லை. புகார்தாரர் வசிக்கும் அல்லது வேலை பார்க்கும் இடத்தின் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே போடலாம். வக்கீல் கட்டாயமில்லை, நுகர்வோர் ஆணையங்களுக்கான இ-ஜாக்ரிதி இணையதளம் வழியாகவும் தாக்கல் செய்யலாம். கொடுத்த தொகை 50 லட்சத்துக்குள் இருந்தால் மாவட்ட ஆணையம்தான். புகார்க் கட்டணத்தையும் ஸ்டுடியோவுக்குக் கொடுத்த தொகையை வைத்தே கணக்கிடுவார்கள்: 5 லட்சம் வரை கட்டணமே கிடையாது, 5 முதல் 10 லட்சம் வரை 200 ரூபாய்.

யார் புகார்தாரர் என்பதில் பலர் சறுக்குகிறார்கள். பணம் கட்டியது அப்பா, படத்தில் இருப்பது மகள். இருவரையும் சேர்த்தே போடுங்கள். பணம் கொடுத்தவரின் சம்மதத்தோடு சேவையைப் பெறுபவரும் சட்டப்படி நுகர்வோர்தான். எதிர்த்தரப்பில் போர்டில் உள்ள பெயரை மட்டும் எழுதாமல், உரிமையாளரின் பெயரையும் போடுங்கள். மண்டபம் அல்லது ஈவென்ட் நிறுவனத்தின் பேக்கேஜில் போட்டோகிராபர் வந்திருந்தால், பணம் வாங்கிய நிறுவனத்தையும் சேர்க்க வேண்டும்.

வாட்ஸ்அப் உரையாடலை போன் மாறும் முன்பே எக்ஸ்போர்ட் செய்து வையுங்கள்; தானாக மறையும் செய்தி அமைப்பு போட்டிருந்தால் இன்றே நிறுத்துங்கள். போனில் பேசியதை "இப்போது பேசியபடி 20-ஆம் தேதி தருவதாகச் சொன்னீர்கள்" என்று உடனே செய்தியாக்குங்கள். அச்செடுத்த உரையாடலோடு, 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய சாக்ஷிய அதினியம் என்ற புதிய சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவுப்படி மின்னணுச் சாட்சியத்துக்குத் தரும் சான்றிதழையும் இணைத்தால் ஆட்சேபணைக்கு இடமிருக்காது.

கேட்கும் தொகையைப் பிரித்துக் கேளுங்கள்: வராத ஆல்பத்துக்கு இவ்வளவு, மன உளைச்சலுக்கு இவ்வளவு, வழக்குச் செலவு இவ்வளவு. ஒரு லட்ச ரூபாய் வேலைக்கு ஐம்பது லட்சம் கேட்டால் உங்கள் உண்மையான இழப்பும் நம்பிக்கை இழக்கும். படங்கள் இன்னும் ஸ்டுடியோவிடம் இருந்தால், "வழக்கு முடியும்வரை எதையும் அழிக்கக் கூடாது" என்று இடைக்கால உத்தரவு கேட்டு ஒரு மனு சேருங்கள். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 38-ஆம் பிரிவின் கீழ் ஆணையத்துக்கு அந்த அதிகாரம் உண்டு. பலர் கேட்காமல் விடுவது இதைத்தான்.

ஸ்டுடியோவுக்குப் பதில் தர 30 நாள், ஆணையம் அனுமதித்தால் மேலும் 15 நாள். அதற்கு மேல் நீட்டிக்க முடியாது என்று உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு 2020-இல் சொல்லிவிட்டது. உத்தரவு உங்களுக்குச் சாதகமாக வந்து, ஸ்டுடியோ 45 நாளில் மேல்முறையீடும் செய்யாமல் பணமும் தராமல் இருந்தால், அதே ஆணையத்தில் நிறைவேற்று மனு போடுங்கள். 72-ஆம் பிரிவின்படி உத்தரவை மீறினால் ஒரு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது 25,000 ரூபாய்க்குக் குறையாமல் ஒரு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டுமே விதிக்கப்படலாம்.