லெய்டனில் ஒரு நாள் நடை: அவசரத்தில் கோட்டை விடுபவை

ஆம்ஸ்டர்டாமிலிருந்து லெய்டனுக்கு ரயிலில் முக்கால் மணி நேரம்கூட ஆகாது. அதுதான் வினை. பக்கத்து ஊர்தானே, மதியம் போய்விட்டு வந்துவிடலாம் என்று கிளம்புகிறார்கள். ஏப்ரலில் இன்னும் மோசம்: கொய்கென்ஹோஃப் துலிப் தோட்டத்துக்குப் பஸ் பிடிக்க மட்டும் இங்கே இறங்கி, ஊருக்கு முதுகைக் காட்டிவிட்டுப் போகிறார்கள். இத்தனைக்கும் ஹாலந்தின் துலிப் கதையில் இந்த ஊருக்குத்தான் பெரிய பங்கு. க்ளூசியஸ் என்ற தாவரவியலாளர் 1593-ல் இங்கே வந்து பல்கலைக்கழகத் தோட்டத்தில் துலிப் வளர்த்தார். ராப்பன்பர்க் கால்வாயோரம் அந்தத் தோட்டம் இன்றும் இருக்கிறது.

ஸ்டேஷனை விட்டு வெளியே வந்ததும் கூட்டத்தின் பின்னால் போகாதீர்கள். கூட்டம் ஹார்லம்மர்ஸ்ட்ராட் கடைத்தெருவுக்குப் போகும். எந்த டச்சு ஊரிலும் இருக்கும் அதே செருப்புக்கடை, அதே துணிக்கடை. பழைய ஊருக்குள் நுழைந்ததும் வலப்பக்கம் திரும்பினால் 1669-ல் கட்டிய மோர்ஸ்போர்ட் என்ற பழைய நகர வாசல், அதன் அருகே ஒரு காற்றாலை, பாலம் தாண்டினால் வெட்டஸ்டேக் சந்து. 1606-ல் ஓவியர் ரெம்பிராண்ட் பிறந்த இடம் இதுதான். ஆனால் வீட்டைத் தேடி அலையாதீர்கள். வீடு எப்போதோ போய்விட்டது, சுவரில் ஒரு கல்வெட்டு மட்டும் உண்டு. அப்பா மாவு அரைக்கும் ஆலைக்காரர் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு அந்தக் காற்றாலையைத் திரும்பிப் பாருங்கள், போதும்.

நம்மவர்கள் எல்லோரும் செய்யும் தவறு, சிவப்பு நிறப் பாதையில் நிற்பது. அது நடைபாதை இல்லை, சைக்கிள் பாதை. நானும் நின்றேன். இந்த ஊர்ச் சுவர்களில் நூற்றுக்கும் மேற்பட்ட பல மொழிக் கவிதைகள், பெரும்பாலும் அந்தந்த மொழியின் எழுத்திலேயே தீட்டப்பட்டிருக்கும். 1992-ல் ஸ்வெதாயெவாவின் ரஷ்யக் கவிதையோடு தொடங்கிய வேலை. அப்படி ஒரு சுவர் முழுவதும் படத்தில் வரட்டுமே என்று ஒவ்வொரு அடியாகப் பின்னால் போனேன். டிரிங் என்று ஒரே ஒரு மணி. திரும்பினால் முன்னால் மரப்பெட்டி வைத்த சைக்கிள், பெட்டிக்குள் இரண்டு குழந்தைகள். ஓட்டி வந்த அம்மா திட்டவில்லை, வேகத்தைக் குறைக்கவும் இல்லை. நான்தான் துள்ளி ஒதுங்கினேன். கால்வாய்க் கரையில் இப்படிப் பின்னால் நடந்தால் மணிகூட அடிக்காது. பல இடங்களில் கைப்பிடிச் சுவரே கிடையாது.

கவிதைகளை வரைபடம் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகத் தேடுவதும் வீண் வேலை. போனைப் பையில் போட்டுவிட்டு, தலையை நிமிர்த்தி நடந்தால் தானாகக் கண்ணில் படும்.

நடக்கும்போது சில தெருக்களில் சாதாரண வீட்டுக் கதவுபோல் ஒன்று திறந்திருக்கும். உள்ளே முற்றம், நடுவில் பூச்செடிகள், சுற்றிலும் சின்னச் சின்ன வீடுகள். ஹோஃப்யே என்பார்கள். வசதியானவர்கள் ஏழை முதியவர்களுக்காகக் கட்டி வைத்தவை, இந்த ஊரில் மட்டும் 35 இருக்கின்றன. தயங்கித் தாண்டிப் போவது ஒரு தவறு. கும்பலாக நுழைந்து சத்தமாகப் பேசி, ஜன்னலுக்குள் கேமராவை நீட்டுவது அதைவிடப் பெரிய தவறு. உள்ளே இன்றும் ஆட்கள் குடியிருக்கிறார்கள். கதவு சாத்தியிருந்தால் தள்ளிப் பார்க்க வேண்டாம்.

நாள் பார்த்துப் போங்கள். திங்கட்கிழமை மியூசியங்கள் பெரும்பாலும் மூடியிருக்கும். சனிக்கிழமை நியூவ ரைன் கால்வாயோரம் சந்தை கூடும், அது நல்ல நாள். அக்டோபர் 3 வேண்டவே வேண்டாம். 1574-ல் ஸ்பானியப் படையின் முற்றுகை விலகிய நாள் அது. டச்சுக் கிளர்ச்சிப் படையினர் அணைகளை உடைத்து நிலத்தில் தண்ணீரைப் பாய்ச்சி, படகுகளில் மீனும் வெள்ளை ரொட்டியும் கொண்டுவந்து பட்டினி கிடந்த ஊரைக் காப்பாற்றினார்கள். இன்றும் ஊரே திரண்டு கொண்டாடுகிறது. நெரிசலில் இடிபடத் தயார் என்றால் போகலாம், நிதானமான நடைக்கு ஆகாது.

தமிழர்களுக்கென்றே ஒரு ஏமாற்றம் இருக்கிறது. லெய்டன் செப்பேடுகள் என்று நாம் படித்த ஆனைமங்கலம் செப்பேடுகள், நாகப்பட்டினத்துப் பௌத்த விகாரத்துக்கு ராஜராஜன் கொடுத்த கொடையைச் சொல்பவை, கப்பலேறி வந்து இந்தப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தன. மியூசியத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் என்று நம்பி வராதீர்கள். அவற்றை நூலகக் காப்பகத்தில்தான் வைத்திருந்தார்கள், வழிப்போக்கர் பார்வைக்கு வைக்கவில்லை. அதற்குப் பதிலாகத் தொல்பொருள் மியூசியத்துக்குள் எட்டிப் பாருங்கள். அஸ்வான் அணைத் தண்ணீரில் மூழ்கவிருந்த தாஃபே கோயில், கல் கல்லாக எகிப்திலிருந்து வந்து முன்கூடத்தில் நிற்கிறது. கோயிலைப் பார்க்க மட்டும் காசு வாங்கக் கூடாது என்பது கொடுத்தவர்கள் போட்ட நிபந்தனை.

குடையை நம்பாதீர்கள், காற்றில் மடங்கிவிடும். தொப்பி வைத்த மழைக்கோட்டு எடுத்துக்கொள்ளுங்கள். ரொக்கம் மட்டும் வைத்துக்கொண்டு காபி குடிக்கவும் போகாதீர்கள், கார்டு மட்டும் வாங்கும் கடைகள் ஏராளம்.

அப்புறம் ஊரின் பழைய கோட்டை. ஊருக்குள் ஓடும் ரைன் ஆற்றின் இரண்டு கிளைகளும் சேரும் இடத்தருகே, மண்ணைக் கொட்டி எழுப்பிய மேட்டின் மேல் வட்டமாக நிற்கிறது டே பர்க்ட். வாசல் ஒரு சந்துக்குள் இருப்பதால் அடியில் காபி குடித்துவிட்டுத் தெரியாமலே போய்விடுகிறார்கள். டிக்கெட் கிடையாது. மாலை வெயில் இருக்கும்போதே ஏறிவிடுங்கள், இரவில் வாசலைச் சாத்திவிடுவார்கள்.

ஸ்டேஷனில் காலையில் எந்தக் கார்டைத் தட்டி உள்ளே போனீர்களோ, வெளியே வரும்போதும் அதே கார்டைத்தான் தட்ட வேண்டும். போனை ஒரு பக்கம், கார்டை ஒரு பக்கம் தட்டினால் இரண்டிலும் பணம் போகும்.