செயற்கை இதய வால்வு: எந்தப் பக்கம் திறக்கிறது என்று பாருங்கள்

தையல் இடைவெளி, முடிச்சு இதையெல்லாம் இதய வால்வு அறுவைக்குப் புதிதாக வருகிற மருத்துவர்களுக்கு யாராவது சொல்லித் தந்துவிடுவார்கள். ஆரம்பத்தில் நாங்கள் சறுக்கிய வேறு சில இடங்களில்தான் இவர்களும் வரிசையாகச் சறுக்குகிறார்கள்.

பெரிய வாசலைக் கண்ட பக்கம் விடுவது

திருவனந்தபுரத்தில் உருவாகி 1990 முதல் பொருத்தப்பட்டு வரும் சித்ரா வால்வை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் ஒற்றைத் தட்டு நடுவில் இல்லாமல் ஓரம் தள்ளிச் சாய்ந்து, சுமார் 70 பாகை திறக்கும். ஒரு பக்கம் பெரிய வாசல், எதிர்ப்பக்கம் சின்னது. பெருந்தமனி வளைந்து போகிற குழாய். ரத்தமும் அதன் வலது பின்சுவர்ப் பக்கம் சாய்ந்தே பாய்கிறது. பெரிய வாசல் அந்தப் பக்கம், அதாவது நான்-கொரோனரி சைனஸை (பெருந்தமனியின் அடியில், இதயத் தமனி எதுவும் கிளம்பாத புடைப்பை) நோக்கி இருந்தால் ஓட்டம் சீராகப் போகும். தட்டு வால்வுகளைப் பன்றிகளின் பெருந்தமனியில் பொருத்தி, திசை மாற்றி அளந்த ஆய்வுகளிலும் கொந்தளிப்பு மிகக் குறைவாக இருந்தது இந்த நிலையில்தான். திசை தவறினால் ரத்தம் சுவரில் மோதிச் சுழலும், சிவப்பணுக்கள் அடிபடும், தேங்குகிற மூலையில் ரத்தக்கட்டி உருவாக இடம் கிடைக்கும்.

ஒரு பயிற்சி மருத்துவர் எல்லா முடிச்சையும் போட்டு முடித்துவிட்டு நிமிர்ந்தார். பெரிய வாசல் இடப்பக்கம். கேட்டதற்கு, "நல்லாத்தான் திறக்குது சார்" என்றார். இந்தப் பதிலைக் கேட்டால் இன்றைக்கும் எனக்கு எரிச்சல்தான். தையல் வளையத்துக்குள் வால்வைத் திருப்ப முடியும். அதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. தமனியைத் தைத்து மூடி, அதை இறுக்கிப் பிடித்திருக்கும் கிளாம்பை எடுத்த பிறகு இதே வேலைக்கு மறுபடி இதயத்தை நிறுத்த வேண்டும்.

சரி, திருப்புகிறேன் என்று ஃபோர்செப்ஸை எடுக்காதீர்கள். அதற்கென்று தரும் ரொட்டேட்டரால் மட்டும் திருப்புங்கள். அப்புறம் தட்டு முழுதாகத் திறந்து மூடுகிறதா, நூல் நுனியோ பிளெட்ஜெட்டோ (தையலுக்கு அடியில் வைக்கும் சின்னத் துணித்துண்டு) இடிக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள்.

அளவு எண்ணை நம்புவது

பெட்டியில் 21 என்று இருப்பதால் ரத்தம் போகும் துளை 21 மி.மீ. ஆகிவிடாது. நோயாளியின் உடல் பரப்போடு ஒப்பிட்டுப் பாருங்கள். பெருந்தமனி வால்வின் பயனுறு துளை, அதாவது ரத்தம் உண்மையில் போகும் பரப்பு, உடல் பரப்பில் சதுர மீட்டருக்கு 0.85 சதுர செ.மீ.க்கு மேல் வர வேண்டும்.

மைட்ரலில் திசு வால்வு

மைட்ரல் என்பது இடது மேலறைக்கும் கீழறைக்கும் நடுவிலுள்ள வால்வு. அங்கே விலங்குத் திசுவில் செய்த வால்வை வைத்தால், அதைத் தாங்கும் கால் எதுவும் இடது கீழறையின் வெளியேறும் பாதையில் நிற்கக் கூடாது.

இரட்டை இதழ் வால்வின் எக்கோ

இரண்டு இதழ்களுக்கும் நடுவிலுள்ள பிளவில் எக்கோ (இதய அல்ட்ராசவுண்ட்) ரத்த வேகத்தைக் கூடுதலாகத்தான் காட்டும். அந்த ஒரு எண்ணை வைத்து அடைப்பு என்று எழுதிவிடாதீர்கள்.