இணையம் நின்றுவிட்டால் முதலில் எந்த விளக்கைப் பார்ப்பது?

கோலாலம்பூரின் செந்தூலில் நான் குடியிருக்கும் அடுக்குமாடியில் மாலை மழை இடியோடு கொட்டித் தீர்த்தால், அரைமணி நேரத்திற்குள் பக்கத்து வீட்டு அக்கா, "தம்பி, லைன் போச்சு, கொஞ்சம் வந்து பாரேன்" என்று கதவைத் தட்டுவார். ஒரு முறை நான் போவதற்குள், ரௌட்டரின் பின்புறத் துளையில் ஊக்கை நுழைத்து அழுத்தியே விட்டிருந்தார். அத்துளை ரௌட்டரை அணைத்துப் போடுவதற்கானது அன்று. அது எல்லா அமைப்புகளையும் அழித்துவிடும். இணைப்புக்குரிய பயனர் பெயரும் கடவுச்சொல்லும் அதில் போய்விட்டதால், பத்து நிமிட வேலை இரண்டு நாள் இழுத்தது. அந்தத் துளையைக் கடைசி வரை தொடாதீர்கள்.

குறை எங்கே என்று தெரியாமல் எதையும் கழற்ற வேண்டாம். ஃபைபர் என்னும் கண்ணாடி இழை வந்து சேரும் சிறிய பெட்டியை நாம் மோடம் என்கிறோம். சில வீடுகளில் அதுவும் ரௌட்டரும் ஒரே பெட்டியாக இருக்கும். அதில் எல்ஓஎஸ் (LOS) என்ற விளக்கு சிவப்பாக எரிந்தாலோ மினுக்கினாலோ, வெளியிலிருந்து ஒளி வந்து சேரவில்லை என்று பொருள். அப்போது ரௌட்டரை எத்தனை முறை அணைத்துப் போட்டாலும் பயனில்லை. அலமாரியை நகர்த்தியபோது ஃபைபர் இழை சுவரோடு நசுங்கி மடிந்திருக்கிறதா என்று பாருங்கள். பச்சை நிற முனை தளர்ந்திருந்தால் மெதுவாக அழுத்திவிடுங்கள். கழற்றி அதன் உள்ளே உற்றுப் பார்க்கக் கூடாது; அதில் வருவது கண்ணுக்குத் தெரியாத லேசர் ஒளி. இவை சரியாக இருந்தும் சிவப்பு மாறவில்லையென்றால் நிறுவனத்தை அழைப்பதைத் தவிர வேறு வழியில்லை.

சிவப்பு இல்லையென்றால் இரண்டு பெட்டிகளின் மின்சாரத்தையும் நிறுத்தி, ஒரு நிமிடம் பொறுத்து, முதலில் மோடத்தைப் போட்டு, அதில் பான் (PON) என்று எழுதிய விளக்கு மினுக்காமல் நிலையாக எரிந்த பிறகே ரௌட்டரைப் போட வேண்டும். ரௌட்டர் தானாகவே அடிக்கடி அணைந்து எழுந்தால் அடாப்டரைச் சந்தேகியுங்கள். 12 வோல்ட் என்று எழுதியிருப்பது மட்டும் போதாது, 1.5 ஆம்பியர் கேட்கும் ரௌட்டருக்கு 0.5 ஆம்பியர் அடாப்டரை மாட்டினால் இப்படித்தான் தடுமாறும். ஃபைபர் கண்ணாடியால் ஆனது, மின்னலைக் கடத்தாது. ஆனால் மின்கம்பி கடத்தும். கிள்ளான் பள்ளத்தாக்கின் இடிமழைக்கு முன்பாகவே பிளக்கைப் பிடுங்கிவிடுவது நல்லது.

இணையம் வருகிறது, ஆனால் வேகமில்லை என்றால், வைஃபையைக் குறை சொல்வதற்கு முன் மடிக்கணினியைக் கேபிள் வழியாக ரௌட்டரில் மாட்டி வேகத்தை அளந்து பாருங்கள். 300 அல்லது 500 எம்பிபிஎஸ் திட்டத்திற்குப் பணம் கட்டியும் அளவு 94-ஐச் சுற்றியே நின்றால், கேபிளைத்தான் முதலில் பார்க்க வேண்டும். கேபிளுக்குள் எட்டுக் கம்பிகள் நான்கு இணைகளாக ஓடுகின்றன. ஓர் இணை அறுந்தாலும் தொடர்பு ஒரு ஜிகாபிட்டிலிருந்து (1000 எம்பிபிஎஸ்) 100 எம்பிபிஎஸ்ஸுக்கு இறங்கி, வெளிக்கு எல்லாம் ஒழுங்காக இருப்பதுபோலவே நடந்துகொள்ளக்கூடும். அக்கா வீட்டில் சோபாவின் கால் அந்தக் கேபிளின் மேல் உட்கார்ந்திருந்தது. மோடத்திற்கும் ரௌட்டருக்கும் இடையே ஒரு புதிய கேட் 5இ (Cat 5e) வகைக் கேபிள் போட்டதும் சரியாகிவிட்டது.

கேபிளில் முழு வேகம் வந்து, படுக்கையறையில் மட்டும் வரவில்லையென்றால் அது வைஃபையின் குறை. அடுக்குமாடிகளின் கான்கிரீட் சுவர்களை 5 கிகாஹெர்ட்ஸ் அலை எளிதில் தாண்டாது, 2.4 தாண்டும், ஆனால் சுற்றியுள்ள வீடுகளின் ரௌட்டர்களும் அதிலேயே மோதிக்கொள்ளும். அதில் ஒன்றையொன்று இடிக்காத தடங்கள் (சேனல்கள்) 1, 6, 11 மட்டுமே. நெரிசல் குறைந்ததைத் தேர்ந்தெடுங்கள். ரௌட்டரைத் தொலைக்காட்சி அலமாரிக்குள்ளோ மீன்தொட்டிக்குப் பக்கத்திலோ வைக்காதீர்கள். தண்ணீர் அலையை விழுங்கும்.

நிறுவனத்தை அழைக்கும்போது "நெட் வரவில்லை" என்று மட்டும் சொன்னால், ரௌட்டரை அணைத்துப் போடுங்கள் என்றுதான் பதில் வரும். "7.40 முதல் எல்ஓஎஸ் சிவப்பு, பச்சை முனையை அழுத்திப் பார்த்துவிட்டேன்" என்று சொல்லிப் புகார் எண்ணைக் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நிறுவனம் தீர்க்காமல் இழுத்தடித்தால், மலேசியத் தொடர்பு பல்லூடக ஆணையத்திடம் முறையிடும்போது அந்த எண்ணும், சிவப்பு விளக்கைப் பிடித்த ஒரு படமும் கையில் இருக்க வேண்டும்.